முதியவர்களின் உடல் வலிமையும் மனச்சோர்வும்: எதை முதலில் கவனிப்பது?

#1 மருதவாணி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். முதியோர் நலம் பற்றி அனுபவத்தோடு எழுதுபவர்கள் இங்கே பலர் இருப்பதால், எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடாகவே மாறிவிட்ட ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாயாருக்கு வயது 73. அப்பா மறைந்த பிறகும் ஏறக்குறைய ஓராண்டு வரை சமையல், கோயில், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது என்று எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அதன் பின்னர் ஒவ்வொன்றாகக் கைவிட்டார். இப்போது தரையில் உட்கார்ந்தால் ஒரு கையை முழங்காலிலும் மறு கையைச் சுவரிலும் ஊன்றித்தான் எழுகிறார். ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறார். "கால்ல பலமே இல்லம்மா" என்பதைத் தவிர வேறு குறை எதுவும் சொல்வதில்லை. அழுவதில்லை, யாரிடமும் கோபப்படுவதுமில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது, சாப்பாடு பாதியாகிவிட்டது, முன்பு ஒரு நாளும் தவறவிடாத சுந்தர காண்டப் பாராயணத்தையும் நிறுத்திவிட்டார்.

எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார். பொது மருத்துவர் சத்து மாத்திரை கொடுத்தார். "வயசாகிறது அல்லவா" என்று இருவருமே சொன்னார்கள். தினமும் கட்டாயப்படுத்தி நடக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. அக்காவோ இது மனம் சம்பந்தப்பட்டது, உடனே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறாள். காலில் தொடங்குவதா, மனத்தில் தொடங்குவதா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#2 முதுநலம் (முதியோர் மருத்துவத் துறை, சென்னை)

மருதவாணி அவர்களுக்கு வணக்கம். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய் இன்னதென்று நான் சொல்லக் கூடாது. ஆயினும் நீங்கள் எழுதியவற்றுள் மூன்றைத் தனியே எடுத்துக் காட்ட விரும்புகிறேன்: விடியலுக்கு முன்பே கலையும் தூக்கம், குறைந்துபோன உணவு, பிடித்தமான ஒன்றில் இல்லாமற்போன நாட்டம். இவை மூன்றும் இரண்டு வாரங்களுக்கு மேல் சேர்ந்திருந்தால், கண்ணீர் வராவிட்டாலும் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முதுமையில் இந்த நோய் துக்கமாக வெளிப்படுவதைவிட அசதியாகவும் வலியாகவும் "முடியவில்லை" என்ற ஒற்றைச் சொல்லாகவும் வெளிப்படுவதே அதிகம். அதனால்தான் இது எலும்பு மருத்துவரின் வாசலிலும் பொது மருத்துவரின் வாசலிலும் தங்கிப்போய், உரிய இடத்துக்கு வந்து சேருவதே இல்லை.

எவ்வளவு தவறிப்போகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2017-18இல் மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய முதுமை நீள்கால ஆய்வில், 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் கேள்விகள் கேட்டார்கள். கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தை, அதாவது கைப்பிடி வலிமையையும் கருவி வைத்து அளந்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் மனச்சோர்வு நோய் இருக்கக்கூடியவர்கள் 8.3 விழுக்காடு. மருத்துவர் தமக்கு அந்த நோயைக் கண்டறிந்ததாகத் தாமே சொன்னவர்களோ 0.8 விழுக்காடுதான். பத்துக்கு ஒன்பது பேர் பெயரிடப்படாத நோயோடு வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று பொருள்.

அதற்காக உங்கள் தம்பி சொல்வது பிழை என்றும் சொல்ல மாட்டேன். வலிமை குறைந்தவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு வந்தவர் அசைவையும் உணவையும் குறைத்துக்கொள்வதால் வலிமையை இன்னும் வேகமாக இழக்கிறார். முதிய தசை எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதைக் காட்ட 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு போதும். நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவுக்கு நெருக்கமான தசை போய்விட்டது. மனச்சோர்வால் கட்டிலோடு ஒட்டிக்கொண்ட ஒருவருக்கு மாதக்கணக்கில் என்ன நேரும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள் என்பதே என் பதில். அதற்கு முன் சில ஆய்வுகளைச் செய்துவிடுங்கள்: இரத்தச் சோகை, தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சிறுநீரகம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். அது காலின் உணர்வையும் மனநிலையையும் சேர்த்தே கெடுக்கும். நடையில் விறைப்பும் முகத்தில் உணர்ச்சிக் குறைவும் இருந்தால் பார்க்கின்சன் நோயையும் நினைக்க வேண்டும். வலிமைக் குறைவு ஒரு பக்கத்தில் மட்டும் திடீரென வந்தால் அது பக்கவாதம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

#3 இயன்முறை_கோவை

மருத்துவர் எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். இயன்முறை சிகிச்சையாளராக என்னிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் "பலமில்லை" என்ற பேச்சோடு நின்றுவிடுகின்றன, அளந்து பார்ப்பதில்லை. அளக்காததால் முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அளவை விளக்குகிறேன்.

கைப்பிடி இல்லாத, வழுக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அதன் கால்கள் பின்னோக்கி நழுவும். அம்மா இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, பாதங்கள் தரையில் முழுவதும் படியுமாறு உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில், பிடிக்கத் தயாராக நின்றுகொள்ளுங்கள். ஐந்து முறை முழுவதுமாக எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். முதுமையில் வரும் தசை இழப்பை ஆராயும் ஆசிய நாடுகளின் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடற்செயல் குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். கைப்பிடி வலிமைக்கு அதே குழு சொல்லும் எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்கான கருவி இயன்முறை மருத்துவப் பிரிவுகளில் இருக்கும். முழங்கையை மடித்து உட்கார்ந்தபடி, முழுப் பலத்தோடு அழுத்தச் சொல்வார்கள்.

ஊறுகாய்ப் பாட்டில் மூடியைக் கவனித்திருக்கிறீர்கள் பாருங்கள், அது நல்ல அடையாளம். கையில் மட்டும் பலம் குறைவதில்லை. கைப்பிடி உடம்பின் மொத்தத் தசை நிலையையே பெருமளவு காட்டிக்கொடுக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கைப்பிடி வலிமை 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது போல இதையும் ஒவ்வொரு முதியவருக்கும் பார்க்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

#4 மருதவாணி (திருச்சி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாற்காலிச் சோதனையைச் செய்து பார்த்தோம். கையை மடித்துக்கொண்டு அம்மாவால் ஒரு முறைகூட எழ முடியவில்லை. தொடையை அழுத்தியே எழுந்தார். இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். மனநல மருத்துவரைப் பார்க்கவும் நாள் வாங்கிவிட்டோம். எழவே முடியாத நிலையில் பயிற்சி எப்படித் தொடங்குவது என்று இயன்முறையாளர் எழுதினால் உதவியாக இருக்கும்.

#5 அளவையியல் (புள்ளியியல் ஆசிரியர், மதுரை)

அம்மையாரின் நலத்துக்கு என் வாழ்த்துகள். நடைமுறை அறிவுரையில் நான் குறுக்கிடவில்லை. ஆயினும் இந்த இழையைப் பின்னாளில் படிப்பவர்கள் "தசையைக் கூட்டினால் மனச்சோர்வு போய்விடும்" என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு தடைகளை எழுப்புகிறேன்.

முதலாவது, அளவுகோலிலேயே இருக்கும் சிக்கல். மனச்சோர்வை அளக்கும் பல வினாத்தாள்களில் "செய்வது எல்லாமே பெரும் முயற்சியாகத் தோன்றியது", "எதையும் தொடங்கவே இயலவில்லை" போன்ற வரிகள் இருக்கின்றன. முழங்கால் தேய்ந்து தசை வற்றிய ஒருவர், மனம் தெளிவாக இருந்தாலும், இவற்றுக்கு "ஆம்" என்றுதான் சொல்வார். அப்படியானால் வலிமைக் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே நாம் காணும் தொடர்பில் ஒரு பகுதி, ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதால் வந்ததாக இருக்கலாம். முதியோருக்கென்று 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய மனச்சோர்வு வினாத்தாளில் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்ததே இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. இங்கிலாந்தில் 78 முதியோர் இல்லங்களில் நடந்த ஓபரா ஆய்வு 2013இல் லான்செட்டில் வெளிவந்தது. இயன்முறை சிகிச்சையாளர்களே முன்னின்று வாரம் இரு முறை குழுவாக உடற்பயிற்சி கொடுத்தார்கள், ஓராண்டு நடத்தினார்கள். மனச்சோர்வு அறிகுறிகளில் எந்தப் பயனும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான முதியவர்கள் பங்கேற்ற, நேர்த்தியாகத் திட்டமிட்ட ஆய்வு அது. சிறிய ஆய்வுகள் காட்டும் நம்பிக்கையைப் பெரிய ஆய்வு ஒன்று இப்படிக் கலைத்துப்போடும்போது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

#6 முதுநலம்

அளவையியல் ஐயா எழுப்பியவை மிகச் சரியான தடைகள். ஓபராவை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் அங்கே யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சராசரி வயது 85ஐத் தாண்டிய, பலருக்கு மறதி நோயும் இருந்த இல்லவாசிகள் அவர்கள். மிதமான அளவில், வாரத்துக்கு இரண்டு வகுப்பு. மனச்சோர்வு உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வும் அல்ல அது.

அதற்கு எதிர்முனையில் ஆஸ்திரேலியாவில் நடந்து 2005இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. மனச்சோர்வு இருப்பதாக உறுதியான, வீடுகளில் வாழ்ந்த 60 முதியவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தம்மால் ஒரே முறை தூக்க முடிந்த எடையில் 80 விழுக்காட்டை வைத்து வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே இடத்தில், அதே பயிற்சியாளரிடம், 20 விழுக்காடு எடையோடு செய்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான குடும்ப மருத்துவர் சிகிச்சை. எட்டு வாரம் கழிந்தபோது மனச்சோர்வு மதிப்பெண் பாதியாகக் குறைந்தவர்கள் முதல் பிரிவில் 61 விழுக்காடு, இரண்டாவதில் 29, மூன்றாவதில் 21. பயிற்சிக்கூடத்துக்குப் போய்வருவது, அக்கறையோடு பேசும் ஒருவர் இருப்பது ஆகியவை முதலிரண்டு பிரிவுக்கும் பொதுவானவை. எடை மட்டுமே வேறு. ஆகவே தசை உண்மையிலேயே உழைக்கும் அளவுக்குப் பளு இருந்தால்தான் பலன் கிடைக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். 60 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்தின் டண்டீயில் நடந்த மற்றொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது என் வெளிநோயாளர் அறையில் தினமும் காணும் நிலையை ஒத்தது. மாத்திரை சாப்பிட்டும் போதிய அளவு தேறாத 86 பேர். அவர்களில் பாதிப் பேருக்குப் பத்து வாரம் உடற்பயிற்சி வகுப்பு, மீதிப் பேருக்கு நலக் கல்விப் பேச்சு. பயிற்சிப் பிரிவில் 55 விழுக்காட்டினரும் பேச்சுப் பிரிவில் 33 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்ததால் வந்த பலன் அன்று அது. மாத்திரையோடு பயிற்சியையும் சேர்த்ததால் வந்தது.

தசை எப்படி மனத்தைத் தொடுகிறது என்பதற்கு உயிர்வேதியியல் விளக்கங்களும் உண்டு. 2014இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார், மன அழுத்தத்தின்போது இரத்தத்தில் கூடும் கைனுரெனின் என்னும் பொருளை, பயிற்சி பெற்ற தசை மூளைக்குள் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுவதைக் கண்டார்கள். அழகான கண்டுபிடிப்புத்தான். ஆனால் அந்த ஆய்வின் முதன்மைச் சோதனைகள் எலிகளில் நடந்தவை என்பதால் நோயாளிகளிடம் இதைக் காரணமாகச் சொல்வதை நான் தவிர்க்கிறேன்.

#7 வேதாரண்யம்_பழையவர்

எனக்கு 78 வயது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் எழுதுவதை மரியாதையோடு படிக்கிறேன். உள்ளே இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மனைவி போன பின் எனக்கும் இந்த நோய் வந்து, சிகிச்சையில் தேறினேன். அந்தக் காலத்தில் என்னை அதிகமாகக் காயப்படுத்தியது "எழுந்து நடங்கப்பா, எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சுதான். என் மகன் அன்போடுதான் சொன்னான். ஆனால் படுக்கையை விட்டு எழுந்து பல் துலக்கவே மனத்தைத் திரட்ட வேண்டியிருக்கும் ஒருவனிடம், சோம்பேறித்தனமே அவனுடைய நோய் என்பது போல அந்தப் பேச்சு போய்ச் சேர்கிறது. முடியாதபோது குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்கிறது. திருச்சித் தம்பியிடம் இதை அருள்கூர்ந்து சொல்லுங்கள். அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். "வாங்கம்மா, நானும் வருகிறேன்" என்று செருப்பை எடுத்து வைத்துவிட்டு, தெருமுனை வரை கூடவே நடந்து திரும்பட்டும். தானும் கூட வருவதற்கும் கட்டளையிடுவதற்கும் உள்ள வேறுபாடு எங்கள் வயதில் மிகப் பெரியது.

இன்னொன்றும் உண்டு. பலம் போவது என்பது எங்களுக்குத் தசை போவது மட்டும் அன்று. குழாயடியில் இருந்து குடத்தை எடுத்து வருபவர், மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வருபவர், கல்யாண வீட்டில் முன்னால் நின்று பந்தி பார்ப்பவர் என்று வீட்டில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. கால் தளர்ந்ததும் பிள்ளைகள் அக்கறையால் ஒவ்வொரு வேலையையும் வாங்கிக்கொள்கிறார்கள். "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." அந்தச் சொல் கேட்கக் கேட்க, இனி இந்த வீட்டில் நான் எதற்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என்னை மீட்டதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு, மாலையில் பள்ளி மைதானத்தில் என் வயதுக்காரர்களோடு செய்த பயிற்சிக்கும் பங்கு உண்டு. பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மருமகள் எனக்குத் திருப்பிக் கொடுத்ததற்கும் அவற்றுக்குக் குறையாத பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

#8 கிராமச்செவிலி (வேலூர் மாவட்டம்)

பழையவர் ஐயா எழுதியது என் நெஞ்சைத் தொட்டது. வசதியுள்ள வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் வேறொரு பக்கத்தையும் வைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் கணியம்பாடி வட்டாரத்தில், 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரிடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. 12.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. எவரெவருக்கு அது அதிகம் என்று பார்த்தபோது குறைந்த வருமானம், இதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடு ஒரு காரணம் தனியாக நின்றது: பசி. வயிறு நிறையச் சாப்பிடாத முதியவர்கள். அதேபோல, மனம் விட்டுப் பேச ஆட்கள் கூடுதலாக உள்ளவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. களத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. தனியாக வாழும் ஒரு பாட்டி காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதையே இரவுக்கும் வைத்துக்கொள்கிறார். இடையில் டீயும் வறுக்கியும். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது 2023இல்தான். அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் மீனும் எவ்வளவு வாங்க முடியும்? அவரிடம் போய் எடை தூக்குங்கள் என்றால், எந்தச் சத்தில் தசை வளரும்?

உணவைக் கவனிக்காமல் பயிற்சியைப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்திய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும் என்பதால் தயிர், சுண்டல், பாசிப்பயறு, வேர்க்கடலை, நெத்திலி என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டும். கணவரை இழந்த அம்மாக்கள் பலர் இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதை நான் எல்லாத் தட்டு வீடுகளிலும் பார்க்கிறேன். ஒருவருக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்கிறார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்தால் அதே அம்மா இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

#9 கரிசல்மண்

செவிலி அம்மா எழுதிய புரத அளவு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பொருந்துமா? என் மாமாவுக்கு நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்திருக்கிறது. புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் இப்படித்தான் தளர்ந்து கிடக்கிறார்.

முதுநலம்: பொருந்தாது. உங்கள் மாமாவின் சிறுநீரக மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள். ஆனால் புரதக் கட்டுப்பாடு என்று சொன்னதைப் பட்டினி என்று குடும்பங்கள் புரிந்துகொள்வதும் உண்டு. மொத்த உணவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அவருக்குத் தடையில்லை, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் போதும்.

#10 இயன்முறை_கோவை

மருதவாணி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். எழவே முடியாதவருக்கும் தொடக்கம் உண்டு. முதலில் ஒரு செய்தி, இதை என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன். 1990இல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி வரை பயிற்சி செய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழுவினர் நூறு பேரை வைத்துப் பத்து வாரம் செய்தபோது, சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லை, பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது. செவிலி அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. சோறு இல்லாமல் தசை இல்லை. ஆனால் சோறு மட்டும் போதாது.

அம்மாவுக்கு நாற்காலியை உயர்த்துங்கள். உறுதியான மெத்தைத் துண்டையோ மடித்த ஜமுக்காளத்தையோ நழுவாமல் கட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழக்கூடிய உயரம் எதுவோ அதைக் கண்டுபிடியுங்கள். அதில் எட்டு முறை எழுந்து உட்காரட்டும். ஓய்வு கொடுத்து மீண்டும் எட்டு. எழுவதைவிட உட்காருவதில் கவனம் வேண்டும்: தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்க வேண்டும், தொடையின் முன்தசை அப்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. எட்டு முறையும் எளிதாகிவிட்டால் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். இப்படி உயரம் குறையக் குறையப் பளு தானே கூடுகிறது. அடுத்ததாக, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது. முதலில் வெறுங்காலோடு, பிறகு கணுக்காலில் அரை கிலோ, ஒரு கிலோ எடைப்பட்டையோடு. மூன்றாவதாக, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. கைக்கு, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும் பிழிவதற்கு ஈரத் துண்டும் போதும்.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும், ஆனால் முகம் கோணும் அளவுக்கு வலிக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக வெளியேறும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், மூச்சிரைப்பு வந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூட்டுத் தேய்மானம் தடை அன்று. தொடைத் தசை வலுத்தால் முழங்கால் வலி குறைவதையே பெரும்பாலும் பார்க்கிறேன்.

நடைப்பயிற்சி மட்டும் போதாதா என்று கேட்பார்கள். நடப்பது நல்லது, மனத்துக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் எழ முடியாமல் தவிக்கும் தொடைத் தசையை அது போதிய அளவு வளர்ப்பதில்லை. வசதியில்லாதவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

#11 முதுநலம்

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதால் மருந்து பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இவை பயத்தை உண்டாக்குவதற்காக அல்ல. மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பாதியில் நிறுத்தக் கூடாது. ஆனால் இன்று பரவலாகத் தரும் மாத்திரை வகையால், சில முதியவர்களுக்கு முதல் சில வாரங்களில் இரத்தத்தில் சோடியம் குறையும். குழப்பம், தள்ளாட்டம், மிகுந்த அசதி தெரிந்தால் "மனச்சோர்வு கூடிவிட்டது" என்று நினைத்துவிடாமல் உடனே சோடியம் பாருங்கள். தூக்க மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கால் தளர்ந்த ஒருவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுவதற்கு அவை வழிவகுக்கின்றன. இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் நாம் இங்கே பேசும் அத்தனையும் பின்னோக்கிப் போய்விடும்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, உணவை அடியோடு மறுத்தாலோ அதை முதுமையின் புலம்பல் என்று கடந்து போகாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

மருந்தும் பயிற்சியும் எட்டாத இடங்களில் என்ன செய்வது என்று செவிலி அம்மா கேட்காமல் கேட்டிருக்கிறார். கோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் தெரிந்த 181 முதியவர்களில் ஒரு பாதியினருக்கு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் வந்து, அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கும் வழி, தூக்கத்தைச் சீராக்கும் முறை, சர்க்கரை போன்ற நோய்களைக் கவனிக்கும் விதம், அரசு உதவிகளைப் பெறும் வழி ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களுள் 4.4 விழுக்காட்டினருக்கே நோய் முற்றியது. மற்றப் பாதியில் 14.4 விழுக்காடு. இதோடு நாற்காலிப் பயிற்சியையும் சேர்த்து நம் கிராமங்களில் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

#12 அளவையியல்

ஆஸ்திரேலிய ஆய்வில் இரு பிரிவுக்கும் எடை மட்டுமே வேறு என்ற விளக்கம் என் ஐயத்தைப் பெரிதும் குறைத்தது. மருதவாணி அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வலிமையும் மனநிலையும் ஒன்றாகவே மாறுகின்றனவா, ஒன்று முந்துகிறதா என்பது உங்கள் வீட்டிலும் தெரிய வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

#13 இயன்முறை_கோவை

நல்ல யோசனை. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில்: எந்த உயரத்தில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை மணிக்கு விழித்தார், என்ன சாப்பிட்டார், எதிலாவது நாட்டம் காட்டினாரா. மாத்திரை தொடங்கிய தேதியையும் அளவு மாற்றிய தேதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், பிறகு எதனால் தேறினார் என்று குழம்ப வேண்டியிருக்காது. எடை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் மாதம் ஒரு முறை எடையும் வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே நோட்டையே காட்டுங்கள்.